எல்லோரும் கொண்டாடும் ராக் ஆல்பம் உங்களைத் தொடாதது ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட் ஆல்பங்களைக் காவியம் என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன், உள்ளே எதுவுமே நடக்கவில்லை. கோளாறு என் காதிலா, ரசனையிலா?"

இரண்டிலும் இல்லை. ஒலி அலை செவிப்பறையை அதிரவைப்பது, உட்காதில் இருக்கும் காக்ளியாவில் மின்துடிப்பாக மாறுவது, அங்கிருந்து மூளைக்குப் போவது எல்லாம் பள்ளிப் பாடம்தான். அதுவரை இவருக்கும் அந்த ஆல்பத்தின் தீவிர ரசிகருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் அப்புறம்தான் தொடங்குகிறது. பாட்டு ஓடும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்த சுரம் எது, அடுத்த அடி எப்போது விழும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த ஊகம் இன்பமாக மாறும் விதம்தான் நரம்பியலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்ததும் அவை படபடவென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஓர் அறிகுறியைக் காட்டிப் பழக்கினார். பழகியதும் அந்தப் படபடப்பு அறிகுறி தோன்றும் கணத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது அணுக்கள் அசைந்துகொடுக்கவே இல்லை. அடுத்து, அறிகுறியைக் காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் விட்டார். சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது!

அதாவது அந்த அணுக்கள் போடுவது ஒரு கழித்தல் கணக்கு: கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழி. 1997 இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மாண்டேகு மூவரும் சேர்ந்து இதைக் 'கணிப்புப் பிழை' என்று விளக்கினார்கள். கணினிக்குக் கற்றுக்கொடுக்க வகுத்த சமன்பாடு ஒன்று இந்தத் துடிப்புகளோடு அப்படியே பொருந்தியது. குரங்குக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்ப்பதற்கா பொதுமக்கள் பணம் என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். போதைப் பழக்கத்தைப் பற்றிய இன்றைய புரிதலில் பெரும்பங்கு இந்த வகை ஆய்விலிருந்துதான் வந்தது. அடிப்படை ஆய்வுக்கு 'உடனடிப் பயன் என்ன' என்று கேட்டு நிதி ஒதுக்குவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

சரி, இசைக்கு வருவோம். 2011 இல் மான்ட்ரியாலில் வாலரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் மக்களுக்கு அவரவர் தேர்ந்தெடுத்த, மெய்சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்கவைத்து மூளையை ஆராய்ந்தார்கள். சிலிர்ப்பின் உச்சத்தில் ஒரு பகுதியில் டோபமைன் சுரந்தது. அந்த உச்சத்துக்காகக் காத்திருந்த நொடிகளிலோ வேறொரு பகுதியில் சுரந்தது. 2019 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 745 பாப் பாடல்களிலிருந்து எடுத்த சுமார் 80,000 சுரக்கூட்டுகளை (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அலசியது. அடுத்தது இதுதான் என்று உறுதியாக நம்பியிருக்கும்போது வேறு வந்தால் இன்பம். எது வரும் என்றே தெரியாமல் தவிக்கும்போது பழகிய சுரக்கூட்டு வந்து சேர்ந்தாலும் இன்பம்.

இனி அந்த ஆல்பங்களைப் பாருங்கள். பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு பாட்டு, கடைப் பணப்பெட்டியும் சில்லறையும் எழுப்பும் ஓசைகளை ஒலிநாடாவாக வெட்டி ஒட்டிச் செய்த தாளத்தில் தொடங்கும். அன்றைய கேட்பவரின் மூளையில் அப்படியொரு ஊகமே இல்லை. அதற்குப் பின் பிறந்தவரோ அன்றாட ஓசைகளை வெட்டித் தாளமாக்கிய எத்தனையோ பாட்டுகளைக் கேட்டே வளர்ந்திருக்கிறார். அந்தப் புதுமைதான் அவருடைய மூளைக்கு இலக்கணம். கழித்தால் மிச்சம் பூச்சியம். அதே பாட்டு பெரும்பகுதி ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கிறது. நான்கு எண்ணிக்கையில் மட்டும் ஊறியவருக்கு அங்கே ஊகிக்கவே பிடி கிடைக்காது. ஒரே பாட்டில் ஓரிடம் அளவுக்கு மீறிப் பழகியது, இன்னோர் இடம் அளவுக்கு மீறி அந்நியம்.

இதற்கு மேல் 'காவியம்' என்ற பெயர் வேறு. அதுவும் குரங்குக்குக் காட்டிய அறிகுறி போன்றதுதான் என்று நினைக்கிறேன். பெரிய சாற்றுக்கு மூளை தயாராகிவிட்ட பிறகு, சாதாரணமாக நன்றாக இருக்கும் ஒரு பாட்டுகூட ஏமாற்றமாகவே பதிவாகும்.

அந்தப் பட்டமும் கல்வெட்டு இல்லை. ரோலிங் ஸ்டோன் என்ற இசை இதழ் 2003 இல் வெளியிட்ட, எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸின் 1967 ஆல்பம். 2020 இல் புதிதாக வாக்கெடுத்தபோது அது 24 ஆம் இடத்துக்குப் போனது. இசைத்தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை, வாக்களித்த காதுகள் மாறின.

எந்த இசையிலும் இன்பம் காணாதவர்கள் உண்டு என்பது உண்மை. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014 இல் அவர்களை ஆராய்ந்தார்கள்: கேட்கும் திறனில் குறையில்லை, பணம் கிடைத்தால் மகிழ்கிறார்கள், இசை மட்டும் தொடுவதில்லை. உங்களை வேறு ஏதாவது ஒரு பாட்டு சிலிர்க்கவைக்கிறது என்றால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஒன்று செய்து பார்க்கலாம். அந்த ஆல்பத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் வானொலியில் ஓடிய சாதாரணப் பாட்டுகளைக் கேளுங்கள். மூளை அந்தக் காலத்து ஊகங்களைப் போடப் பழகட்டும். அப்புறம் ஆல்பத்துக்குத் திரும்புங்கள். எங்கே அது இலக்கணத்தை மீறுகிறது என்பது கேட்கத் தொடங்கும். கேட்டும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுங்கள்.