குறைக்க வேண்டியது டீயில் போடும் சர்க்கரையை, கேழ்வரகை அல்ல

குறைவாகச் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்டுக் காலை உணவையே விட்டுவிடுகிறவர்களை இன்று தருமபுரியிலும் ஓசூரிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். அந்தப் பேச்சு வெறும் வதந்தி இல்லை. எதைக் குறைப்பது, எதைத் தொடக்கூடாது என்ற இடத்தில்தான் தவறு நடக்கிறது. அந்தத் தவறால் முதலில் கெடுவது தசையும் எலும்பும்.

1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, எலிகளுக்குச் சத்து குறையாமல் கலோரியை மட்டும் குறைத்துக் கொடுத்தார். அவை அதிக நாள் வாழ்ந்தன. பிறகு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். விஸ்கான்சினில் குறைவாகத் தின்ற குரங்குகளுக்கு ஆயுள் கூடியது. தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட முடிவிலோ கூடவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு தீவனம். விஸ்கான்சின் தீவனத்தில் சர்க்கரை 28 சதவீதத்துக்கு மேல், மற்றதில் 4 சதவீத அளவு. சர்க்கரைத் தீனியை வயிறு முட்டத் தின்ற குரங்குகளோடு ஒப்பிட்டதால்தான் அங்கே பலன் பெரிதாகத் தெரிந்தது என்பார்கள். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மனிதர்களிடம் நடந்த ‘கேலரி’ ஆய்வில் உடல் பருமன் இல்லாத 218 பேர் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக முடிந்தது 12 சதவீதம்தான். அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. டி.என்.ஏ. மேல் படியும் வேதிக் குறிகளைப் பார்த்து முதுமையின் வேகத்தைக் கணக்கிடும் ஒரு குறியீடு 2 முதல் 3 சதவீதம் தணிந்தது என்று 2023-இல் வெளியானது. வேறு இரண்டு குறியீடுகளில் மாற்றம் இல்லை. இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கடைசி வரியைத்தான் கவனிக்க வேண்டும். இங்கே பல ஊர்களில் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம் போதாத உடம்பில் எலும்பின் பாதிப்பு கூடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எடை குறைய வேண்டும் என்று களியையும் மோரையும் விட்டுவிட்டு, போர்த் தண்ணீரையே குடித்துக்கொண்டு பட்டினி கிடப்பது எலும்பை இரண்டு பக்கமும் அரிக்கும்.

கணக்கு எளிது. ஒருநாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 12 சதவீதம் என்பது 240. மூன்று டீயில் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரையை நிறுத்தினால் 120. தாளிப்பிலும் பொரியலிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் குறைந்தால் 90. இரவில் சின்னக் கரண்டிச் சோறு குறைந்தால் 40. அவ்வளவுதான், எந்த வேளையையும் விடத் தேவையில்லை. மாம்பழக் காலத்தில் மட்டும் எச்சரிக்கை: 200 கிராம் சதையில் 120 கலோரி. பழத்தைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள், சோற்றுக்கு மேல் வேண்டாம்.

புரதம் குறையவே கூடாது. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். கேழ்வரகு மாவு 100 கிராம், அரிசி 150 கிராம், கொள்ளு அல்லது துவரை 60 கிராம், முட்டை இரண்டு, பாலும் தயிருமாக 300 மில்லி என்று வைத்தால் அது வந்துவிடும். கறிக்குழம்பு உள்ள நாளில் முட்டை வேண்டாம். இன்னொன்று, களியை மெல்லாமல் விழுங்குவது நம் வழக்கம். வயிறு நிறைந்த உணர்வு வர இருபது நிமிடம் ஆகும், அதற்குள் இரண்டாம் உருண்டையும் உள்ளே போயிருக்கும். முதல் உருண்டையோடு கீரைக் கடைசலை நிறைய எடுத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து அடுத்ததைக் கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 18.5-க்குக் கீழே உள்ளவர்கள் யாருக்கும் இது வேண்டாம். 65 வயது தாண்டிய ஒல்லியான பெரியவர்களுக்கு நிச்சயமாக வேண்டாம்; அவர்கள் இழந்த தசை எளிதில் திரும்பாது.

வாரம் ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ வரை குறைவது போதும். இரண்டு கிலோவைத் தாண்டினாலோ, பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை என்றாலோ, அன்றே பழைய அளவுக்குத் திரும்பி மருத்துவரைப் பாருங்கள்.