ஆப்ப சோடா சிறுநீரகத்தைக் காக்குமா?

நாம் சாப்பிடும் புரதத்தை உடல் பயன்படுத்தி முடித்ததும் கொஞ்சம் அமிலம் மிச்சமாகிறது. அதை அன்றாடம் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. நோயால் நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகுகள்) குறையக் குறைய, மிஞ்சியவை ஒவ்வொன்றும் கூடுதலாக அம்மோனியா சுரந்து அந்தச் சுமையை ஏற்கின்றன. அந்த அம்மோனியாவே திசுவில் அழற்சியைக் கிளப்பித் தழும்பேற வைக்கிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. இந்த நிலையில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் ரத்தத்தில் குறைந்துவிடும்.

சரி, அதை வெளியிலிருந்து கொடுத்தால்? சோடியம் பைகார்பனேட் என்பது சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாதான். விலையும் மிகக் குறைவு.

2009-இல் லண்டன் மருத்துவர்கள் 134 நோயாளிகளிடம் இதைச் சோதித்து வெளியிட்ட முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இரண்டு ஆண்டுகளில், மாத்திரை எடுத்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்குத்தான் டயாலிசிஸ் தேவைப்படும் நிலை வந்தது. எடுக்காதவர்களில் அது 33 சதவீதம். 2019-இல் வெளியான இத்தாலி ஆய்வு 740 பேரிடம் நடந்தது. அதிலும் நல்ல பலன் தெரிந்தது.

ஆனால் இரண்டிலுமே யாருக்கு மாத்திரை கிடைக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்பது ரத்தப் பரிசோதனை எண் மட்டும் சொல்லும் பதில் அல்ல. மருத்துவர் நோயாளியைப் பார்த்து எடுக்கும் முடிவு. "இவர் மருந்து எடுக்கிறார், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்ற எண்ணம் அவரை அறியாமலே உள்ளே வரலாம். மாத்திரை எடுக்கும் நோயாளியும் சாப்பாட்டில் கூடுதல் கவனம் காட்டலாம். இதைத் தடுக்கத்தான் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் போலி மாத்திரையை மற்றொரு குழுவுக்குக் கொடுக்கிறார்கள். எது எவருக்கு என்பது ஆய்வு முடியும்வரை இரு தரப்புக்கும் தெரியாது.

பிரிட்டனில் 60 வயதைக் கடந்த 300 பேரிடம் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. 2020-இல் வெளியான முடிவில், நடமாடும் திறனிலும் சரி, சிறுநீரகச் செயல்பாட்டிலும் சரி, இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. பக்கவிளைவுகள் மட்டும் சோடா எடுத்தவர்களிடம் கொஞ்சம் அதிகம். அப்புறம் வெவரிமர் என்ற வேறொரு மருந்தை, அமிலத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவது அது, ஏறக்குறைய 1,480 பேரிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். அதுவும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை.

அதற்காக அமிலக் கருத்தே தவறு என்று நான் சொல்லமாட்டேன். இந்த இரண்டு ஆய்வுகளிலும் குழுக்களுக்கு இடையே பைகார்பனேட் அளவு பெரிதாக விலகவில்லை. பைகார்பனேட்டைப் போதிய அளவு ஏற்றாத மருந்து வேலை செய்யவில்லை என்றால், கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.

சர்வதேச சிறுநீரக வழிகாட்டிகளும் இதற்கேற்ப மாறின. 2012-இல் ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே போனாலே மாத்திரை தரலாம் என்றவர்கள், 2024-இல் 18-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதில் கவனம் வைக்கச் சொல்கிறார்கள். அந்த எண்ணை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஆகவே சிறுநீரக நோயாளிகள் யாரும் வீட்டு டப்பாவிலிருந்து ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி, காலில் வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டிவிடக்கூடும்.