கேனுலாவில் குடியேறும் கிருமிகள்

பார்வோ வைரஸ் தாக்கி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வேலூர்ப் பகுதிக் கால்நடை மருத்துவமனைக்கு வரும் நாய்க்குட்டிக்கு, முன்னங்கால் முடியை மழித்து, நீல நிற 22 கேஜ் அளவுள்ள கேனுலா என்னும் மெல்லிய குழாயை இரத்தநாளத்தில் செருகி டிரிப்ஸ் ஏற்றுவார்கள். உயிர் காக்கும் அந்தக் குழாய், தோலைத் துளைத்து இரத்தத்துக்கு நேர்வழி திறந்து வைப்பதால் கிருமிகளுக்கும் வாசலாகிவிடுகிறது. பார்வோ எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுவதால், எதிர்த்து நிற்கும் வலு குட்டியிடம் இருப்பதில்லை.

தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே உள்ளே இறங்கும். மருந்து செலுத்த மூடியைத் திறக்கும்போது, கழுவாத கையிலிருந்து உட்புறமாகவும் கிருமிகள் புகும். கேனுலாவைச் சுற்றிய கட்டுத்துணியைக் கழிச்சல் நனைத்தால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல்வாழ் கிருமிகள் சேரும். பேதியாகும் நாய்க்குப் பின்னங்காலில் கேனுலா போடத் தயங்குவது இதனால்தான். பாட்டிலையும் நம்பிவிட முடியாது. கிளெப்சியெல்லா, என்டெரோபாக்டர் முதலியவை டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கரைசலில் அறை வெப்பநிலையிலேயே பெருகும் (வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மே மாதத்தில் அறை வெப்பநிலை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை). ஒரு மில்லிலிட்டரில் இலட்சக்கணக்கான கிருமிகள் இருந்தாலும் கரைசல் தெளிவாகவே தோன்றும்.

பொய்கைச் சந்தையில் வாங்கிய கறவை மாட்டுக்குக் கன்று ஈன்றதும் பால்காய்ச்சல் வந்து கால்சியம் ஏற்றினால், மருந்து முடிந்ததும் ஊசியை உருவிவிடுவார்கள். கேனுலாவோ நாள் கணக்கில் இரத்தநாளத்துக்குள் தங்குகிறது. தங்கும் குழாயின் மீது இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்னும் புரதம் சில மணி நேரத்திலேயே படிய, அதைப் பற்றிக்கொள்ளும் பாக்டீரியா பசைபோன்ற பொருளைச் சுரந்து தம்மைச் சுற்றி உயிர்ப்படலம் அமைக்கின்றன. கோட்டை அகழிச் சுவரில் ஊறிப்போன பாசியைத் தண்ணீர் ஊற்றிப் போக்க முடியாததுபோல, இப்படலத்தை ஆன்டிபயாடிக் எளிதில் கரைப்பதில்லை. மருந்து இரத்தத்தில் மிதக்கும் கிருமிகளைக் கொன்றாலும், படலத்திலிருந்து புதியவை கழன்று வந்துகொண்டே இருக்கும். இந்நிலையில் குழாயை எடுப்பதே முதல் சிகிச்சை என்பதை நாம் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

எடுத்த குழாயின் நுனியை ஆய்வகத்தில் அகார் தட்டின் (கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டு) மீது உருட்டி வளர்க்கும் முறையை அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் மாக்கி குழுவினர் 1977-இல் மனித நோயாளிகளுக்காக வகுத்தனர். 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிருமித் திட்டுகள் முளைத்தால், குழாயில் கிருமிகள் கணிசமாகக் குடியேறியுள்ளன என்று பொருள். சில திட்டுகள் மட்டும் இருந்தால், உருவும்போது தோலிலிருந்து ஒட்டியவையாகவும் இருக்கலாம். கிருமி ஒட்டிய குழாயெல்லாம் நோயை உண்டாக்குவதில்லை என்பதும் உண்மையே.

குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி தடவிய தோல் முழுவதும் உலர்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்துவது அவசரத்தில் நிகழும் வழக்கமான பிழை. மறுநாள் டிரிப்ஸுக்காகக் கேனுலாவோடு வீட்டுக்கு அனுப்பப்படும் நாயைப் பொறுத்தவரை, கட்டுத்துணியை நனையவோ நக்கவோ விடாமல், மூடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாயின் கால்விரல்கள் வீங்கினாலோ, குத்திய இடம் சுட்டாலோ, இரத்தநாளம் கயிறாக இறுகித் தட்டுப்பட்டாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவரை அழைத்துக் குழாயை அகற்றச் சொல்ல வேண்டும்.