சுழற்சிக் குறியாக்கி

சால்டரிங் அயர்னுக்கு நானே ஒரு சூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தேன். ஒரு ஆர்டுவினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்னணுப் பலகை), சின்னத் திரை, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். ஒரு கிளிக் திருகினால் 250 என்பது 251 ஆக வேண்டும். ஆனதோ 253. இன்னொரு கிளிக் அதே பக்கம் திருகினேன், 252. குமிழ் பழுது என்று கடையில் கொடுத்து வேறு வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. அந்தக் குமிழின் பெயரை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

பெயர் ரோட்டரி என்கோடர். லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம். வடமொழி ரதமும் அதே வேரில் கிளைத்ததுதான். என்கோடர் என்பதில் உள்ள கோட், லத்தீன் கோடெக்ஸிலிருந்து வந்தது. முதலில் அதற்கு அடிமரம், மரக்கட்டை என்று பொருள். பிறகு எழுதும் மரப்பலகை, அப்புறம் புத்தகம், சட்டத் தொகுப்பு, கடைசியில் சங்கேதக் குறி. நம் ஏடும் இப்படித்தான்: மரத்தின் இலையாக இருந்தது, ஓலையாகி, புத்தகமாகிவிட்டது.

தமிழில் என்கோடருக்குக் குறியாக்கி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துருப் பக்கம் குறியாக்கம் என்றும் யூனிகோடை ஒருங்குறி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். சிலர் ரகசியமாக்கும் என்கிரிப்ஷனையும் குறியாக்கம் என்கிறார்கள். அதற்கு மறையாக்கம் என்ற நல்ல சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் வேண்டாம். முன்னால் சேர்ப்பது சுழலா, சுழற்சியா? சுழல் குறியாக்கி என்றால் வினைத்தொகை. குறியாக்கியே சுழல்வது போலாகும். சுழல்வது அதன் தண்டு மட்டுமே. சுழற்சியைக் குறியாக ஆக்குவதால் சுழற்சிக் குறியாக்கி என்பதே என் தேர்வு. நடுவில் க் கட்டாயம்.

இந்த இலக்கணத்துக்குள்தான் என் தவறும் கிடந்தது. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் இரு முனையிலும் முட்டி நிற்கும். எங்கே நிற்கிறது என்பதை மின்னழுத்தமாகவே சொல்லிவிடும். இந்தக் குமிழ் நிற்காமல் சுற்றும், இருக்கும் இடத்தையும் சொல்லாது. ஏ, பி என்ற இரண்டு இணைப்புக் கால்களில் 0, 1 என்று குறி மட்டும் போடும். அதைப் படித்து எண்ணுவது மைக்ரோகன்ட்ரோலரின், அதாவது ஊனோவில் நிரலை ஓட்டும் சில்லின், பாடு.

அந்த இரண்டு குறிகளுக்கும் உள்ள உறவின் பெயர் குவாட்ரச்சர். சதுரமாக்கல் என்பது லத்தீன் மூலப்பொருள். வானியலில், சூரியனிலிருந்து நிலா 90 பாகை விலகி நிற்கும் நிலைக்கு இந்தப் பெயர். நமக்கு அது அட்டமி: ஒரு திதிக்கு 12 பாகை, எட்டாம் திதி 84 முதல் 96 வரை, 90 அதன் நட்டநடுவில். குமிழிலும் அதேதான், ஏ அலைக்கும் பி அலைக்கும் இடையே கால் சுற்று விலகல். கால்சுற்று விலகல் என்றே தமிழில் சொல்லலாம். அளவையும் கால், ஐசி சில்லின் இணைப்பு முனையான ‘பின்’னும் கால் என்பதால் கொஞ்சம் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

இந்த விலகலால், ஓய்வில் 11 ஆக (ஏ 1, பி 1) இருக்கும் குறி ஒரு கிளிக்குக்குள் 01, 00, 10 வழியாக மறுபடி 11க்கு வரும். எதிர்ப்பக்கம் திருகினால் இதே வரிசை தலைகீழ். எந்தப் படியிலும் ஒரு இலக்கம் மட்டுமே மாறுவதைக் கவனியுங்கள். இதற்குக் கிரே குறிமுறை என்று பெயர். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது, 1953இல் கிடைத்தது. கிரே இங்கே ஆள் பெயர், சாம்பல் குறிமுறை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

நான் செய்தது இதுதான். ஏ 1இலிருந்து 0க்கு விழும் நேரத்தில் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து ஒரு அவசர வேலையைச் செய்யவைப்பது) வைத்து, அப்போது பி என்ன என்று பார்த்து, கூட்டினேன் அல்லது கழித்தேன். இணையத்தில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது உலோகத் தகடு. தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளாது, தரையில் விழுந்த கோலிக்குண்டு போலத் துள்ளித் துள்ளி அடங்கும். ஆங்கிலத்தில் பவுன்ஸ். தமிழில் அதிர்வு என்று எழுதுகிறார்கள்; எனக்குத் துள்ளல்தான் பொருத்தமாகப் படுகிறது. ஒரு தொடுகையில் ஏ பலமுறை விழுந்து எழும், ஒவ்வொரு முறையும் என் நிரல் எண்ணியது. 253 வந்த கதை இது.

துள்ளலை அடக்க இன்டரப்டுக்குள் டிலே, அதாவது கொஞ்சம் காத்திரு என்ற கட்டளை, போடுவதும் பயனில்லை. ஊனோவில் அந்த நேரம், காலத்தை எண்ணும் டைமர் இன்டரப்ட் அடைபட்டிருக்கும், டிலே சரியாக நகராது. துள்ளலைத் துள்ளவிட்டே எண்ணும் வழி ஒன்று உண்டு. முந்தைய குறி இரண்டு இலக்கம், இப்போதைய குறி இரண்டு இலக்கம், சேர்த்தால் 16 சாத்தியங்கள். அவற்றில் நான்கு அசையாதவை, 0. நான்குக்கு +1, நான்குக்கு −1. மிச்ச நான்கில் இரண்டு இலக்கமும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும். குமிழால் அது முடியாது, ஆகவே அதற்கும் 0. இப்போது 11க்கும் 01க்கும் இடையே ஏ எத்தனை முறை துள்ளினாலும் +1, −1, +1, −1 என்று தானே அடிபட்டுப் போகும். கூட்டுத்தொகை 4 ஆனால் ஒரு கிளிக், −4 ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு கிளிக். 11க்குத் திரும்பியதும் மீதியை அழித்துவிட்டால் ஒரு கிளிக்கின் பிழை அடுத்ததற்குத் தாவாது.

எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும்? சுற்றுக்கு 20 கிளிக் உள்ள குமிழை நொடிக்கு மூன்று சுற்று வேகத்தில் திருகினால் 240 மாற்றங்கள், ஒன்றுக்குச் சுமார் 4 மில்லிநொடி. மலிவுக் குமிழில் படிகள் சமமாக இருக்காது. டைமர் வைத்து 1 மில்லிநொடிக்கு ஒருமுறை படித்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரே ஒரு பேய் மிஞ்சியது. 255ஐத் தாண்டும்போது, எப்போதாவது, திரையில் 511 மின்னி மறையும். ஊனோவில் இருப்பது 8 பிட் சில்லு, ஒரு தடவைக்கு ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரைதான் கையாளும். 256ஐ வைக்க இரண்டு பைட் வேண்டும், படிப்பதும் இரண்டு தவணை. கீழ் பைட்டை 255 என்று படித்த கையோடு இன்டரப்ட் புகுந்து எண்ணை 256 ஆக்கிவிட்டால், மேல் பைட் 1 என்று வரும்: 256ம் 255ம் சேர்ந்து 511. படிக்கும் அந்தக் கணம் மட்டும் இன்டரப்டை அடைத்துத் திறந்ததும் பேய் போய்விட்டது. இப்படிப் படிப்பதை ஆங்கிலத்தில் அட்டாமிக் என்பார்கள். கிரேக்க அடோமோஸ், வெட்ட முடியாதது. அணு வாசிப்பு என்று எழுதினால் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். துண்டுபடா வாசிப்பு என்று என் நிரலில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.