கியர் பாக்ஸ்: பல்லிணைப் பெட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பழைய ஜீப்பில் கடந்தவர்களுக்குக் கியர் பாக்ஸின் வேலையை விளக்க வேண்டியதில்லை. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதில்தான் குழப்பம்.

'கியர்' என்ற சொல், பழைய நார்சு மொழியில் உடையையும் தளவாடத்தையும் குறித்த சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பல் வைத்த சக்கரத்துக்கு அது பெயரானது பிற்பாடுதான். இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் 'டிரான்ஸ்மிஷன்' இலத்தீன் வழிச் சொல். அப்பால் அனுப்புதல் என்று பொருள். எஞ்சினில் பிறக்கும் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் கிளட்ச், கியர் பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், நம் பட்டறைகளில் 'கிரவுன்' எனப்படும் தொகுதி ஆகிய அனைத்தையும் அது சேர்த்துக் குறிக்கும். அமெரிக்க வழக்கிலோ பெரும்பாலும் கியர் பாக்ஸை மட்டுமே சுட்டும்.

டிரான்ஸ்மிஷனைச் சிலர் 'பரிமாற்றம்' என்று எழுதுகிறார்கள். பரிமாற்றம் என்பது கொடுத்து வாங்குவது. மலை இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் திருப்பிச் சுழற்றுவதைக் காட்டி வாதாடலாம் என்றாலும், அமைப்பின் நோக்கம் அதுவன்று. முழு ஏற்பாட்டுக்குத் 'திறன் கடத்தமைப்பு' பொருந்தும். சேர்வராயன் மலைப்பக்கம் 'கடத்தல்' என்றதும் சந்தனக்கட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் மின்கடத்தி என்று பள்ளியில் படித்த நமக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

கியர் பாக்ஸுக்குப் 'பல்லிணைப் பெட்டி' என்பதே சரி. 'பல்' என்பதோடு 'இணை' சேரும்போது லகரம் இரட்டித்துப் 'பல்லிணை' ஆகிறது. 'பல ஆண்டு' என்பது 'பல்லாண்டு' ஆவதுபோலப் 'பல இணை' என்றும் இதைப் பிரிக்கலாம். பற்கள் கோத்த சக்கர இணைகள் பல உள்ள பெட்டிக்கு இரண்டு பிரிப்பும் பொருந்திப்போவது இச்சொல்லின் அழகு.

பழைய வண்டிக்கு மாற்றுப் பெட்டி தேடும்போது பெயரை மட்டும் நம்புவது ஆபத்து. ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றின் மகிந்திரா எம்எம் 540 ஜீப்புக்காகச் சேலத்தில் பழைய உதிரிபாகக் கடை ஒன்றுக்கு உடன் சென்றிருந்தேன். 'தொண்ணூறு பாக்ஸ்' என்று கேட்டோம்; எடுத்து வைத்தார்கள். தேவைப்பட்டது முன்னோக்கி நான்கு கியர் உள்ள கேஎம்டி 90. மூன்றே கியர் உள்ள டி-90 என்ற பெட்டியும் உண்டு. உடன் வந்த மெக்கானிக் முதலில் பெட்டியின் வார்ப்பில் எண்ணைத் தேடினார். துருவில் அது மறைந்திருந்தது. பிறகு முதல் கியரில் போட்டு, சக்கரப் பக்கம் சுழற்சியைத் தரும் வெளித்தண்டில் சாக்பீஸால் கோடிழுத்து, எஞ்சின் பக்கமிருந்து சுழற்சியைப் பெறும் உள்தண்டைக் கையால் சுற்றி எண்ணத் தொடங்கினார். வெளித்தண்டு ஒரு முழுச் சுற்றை முடிக்க உள்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, அதுவே அந்தக் கியரின் பல்லிணை விகிதம். டி-90இல் அது ஏறத்தாழ 2.8. மூன்றாவது சுற்று முடியுமுன்பே சாக்பீஸ் கோடு மேலே வந்து நின்றது. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தோம்.