ரிவால்வரா, பெப்பரா: சண்டைக்கு முன் எதைக் கேட்டீர்கள் என்று பாருங்கள்

பீட்டில்ஸ் குழுவின் ஆல்பங்களில் உச்சம் 1967இன் 'சார்ஜன்ட் பெப்பர்'தான், 1966இன் 'ரிவால்வர்' சும்மா என்று ஒரு தம்பி சமீபத்தில் சாதித்தார். ஏன் என்றால், ரிவால்வர் பாட்டு ஒன்றைச் சொல்லி, "எலினர் ரிக்பியில் பாடுறவர் குரலே சரியா கேக்கலண்ணா, வெறும் வயலின்தான்" என்கிறார். ஆள் மாட்டியிருந்தது இடது காதில் மட்டும் ஒரு இயர்பட். 1966 ஸ்டீரியோ மிக்ஸில் (குரலையும் கருவிகளையும் இடம், வலம் என்று பிரித்துக் கலந்த வடிவத்தில்) சரணங்களில் பால் மெக்கார்ட்னியின் குரல் வலது ஓரத்தில் இருக்கிறது. பிறகு எங்கிருந்து கேட்கும்?

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவனுக்கு இந்த மாதிரித் தீர்ப்புகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதிலும் மோனோ (எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலந்து, ஒரே ஸ்பீக்கருக்குச் செய்தது) என்றால் பழசு, மட்டம், ஸ்டீரியோதான் அசல் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் எரிச்சலின் உச்சம்.

அய்யா, 1966, 67 லண்டனில் பாப் ரசிகர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒற்றை ஸ்பீக்கரில். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் பீட்டில்ஸோடு உட்கார்ந்து மெனக்கெட்டது மோனோ மிக்ஸுக்கு. பெப்பரின் ஸ்டீரியோ மிக்ஸ், குழுவினர் பக்கத்தில் இல்லாமல் அவசரமாக முடிக்கப்பட்டது. 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் ஏறக்குறைய அரைச் சுருதி மேலேயும் ஓடும். ஸ்டீரியோவைக் கேட்டுவிட்டு "பாட்டு இழுக்குது" என்கிறவர் குறை சொல்வது டேப் ஓடிய வேகத்தை, பாட்டை அல்ல. பெப்பர் ரிப்ரைஸின் (தலைப்புப் பாட்டு மறுபடி வரும் இடம்) கடைசியில் பால் போடும் கூச்சலும் மோனோவில்தான் தெளிவாகக் கேட்கும். மோனோ என்பது ஸ்டீரியோவின் ஏழைத் தம்பி இல்லை. தனியாகச் செய்த வேறு மிக்ஸ்.

அமெரிக்காவின் கதை இன்னும் மோசம். பிரிட்டனில் 14 பாட்டோடு வந்த 'ரிவால்வர்' அங்கே 11 பாட்டோடு விற்றது. 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்', 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்', 'டாக்டர் ராபர்ட்' மூன்றையும் முந்தைய ஜூனிலேயே வேறொரு ஆல்பத்தில் போட்டுவிட்டார்கள். மூன்றிலும் முன்னால் நின்று பாடுவது ஜான் லெனன். அவருக்கு மிஞ்சியது இரண்டே பாட்டு. 1987இல் சிடி வந்த பிறகுதான் முழு ஆல்பம் அங்கே வழக்கமானது. ஆகவே, "ரிவால்வரில் லெனன் எங்கே இருக்கார்?" என்று ஒரு அமெரிக்கப் பெரியவர் கேட்டால் கோபப்படாதீர்கள், அவரிடம் இருந்த தட்டே அப்படி. 'ரப்பர் சோல்' தட்டிலும் இதே கூத்து.

அவர்களின் 1969 ஆல்பம் 'அபே ரோட்' பளிச்சென்று ஒலிக்கிறது, அதனால் அதுதான் உச்சம் என்ற கட்சிக்கும் ஒரு வார்த்தை. அப்போது அவர்களுக்கு எட்டு டிராக் மெஷினும் (ஒரே டேப்பில் எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவது) ஒலிகளைக் கலக்கப் புதிய டிரான்சிஸ்டர் கன்சோலும் கிடைத்திருந்தன. ரிவால்வரின் 'டுமாரோ நெவர் நோஸ்' நாலு டிராக்கில் செய்தது. ஒலியின் சுத்தத்துக்குப் போடும் மார்க்கைக் கற்பனைக்குப் போடாதீர்கள்.

வாதம் பண்ணுங்கள், தாராளமாக. முதலில் இரண்டு காதிலும் மாட்டுங்கள். ஃபோனில் ஓடுவது பழைய மிக்ஸா, அதையே மெருகேற்றிய 2009 ரீமாஸ்டரா, ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் புதிதாகக் கலந்த ரீமிக்ஸா (பெப்பருக்கு 2017, ரிவால்வருக்கு 2022) என்று பாருங்கள். இரண்டு ஆல்பத்துக்கும் சத்தத்தைச் சமமாக வையுங்கள்; சத்தம் கூடியது நல்லதாகத் தோன்றும், எங்களையே ஏமாற்றும். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பெப்பர் கணக்கில் சேருமா என்பதையும் முன்பே பேசி முடியுங்கள். சிங்கிளாக வந்த பாட்டு அது, ஆல்பத்தில் இல்லை. தோற்கிற நேரத்தில் அதை உள்ளே இழுத்து வராதீர்கள், ப்ளீஸ்.

என் ஓட்டு ரிவால்வருக்கு, மோனோவில்.