‘எங்களுக்கு எதற்குப் பெற்றோர் வகுப்பு?’ என்று கேட்பவர்களுக்கு

பெற்றோர் வகுப்புக்குப் போகச் சொன்னால் பலருக்கு முதலில் வருவது கோபம்தான். “அப்போ நான் பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்கிறீர்களா?” பள்ளியோ மருத்துவரோ சொல்லி அனுப்பி வருகிறவர்களின் மனதில் இந்தக் கேள்வி நிச்சயம் இருக்கும். சிலர் வாய்விட்டுக் கேட்டுவிடுவார்கள். சிலர் முதல் ஓரிரு வாரங்கள் கடைசி நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து, மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குடும்ப ஆலோசகராக இந்த வகுப்புகளை நடத்துகிற எனக்கு அந்தக் கோபம் நன்றாகப் புரிகிறது. பிள்ளைக்காக ராப்பகலாக உழைக்கிறவரிடம் “வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்” என்றால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் இந்த வகுப்புகள் பாசத்தைக் கற்றுத்தருவதற்கு இல்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, இல்லாவிட்டால் வாசல்வரை வந்திருக்கவே மாட்டார்கள். வீட்டில் தினமும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக, ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிற சில பழக்கங்கள் எல்லோருக்கும் உண்டு. உள்ளே இருந்து பார்த்தால் அவை கண்ணில் படாது. அவற்றைக் கண்டுபிடித்து, வேறு மாதிரி செய்து பழகிப் பார்ப்பதற்குத்தான் வகுப்பு. சொற்பொழிவு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்மா வேறு அறையிலிருந்து குரல் கொடுக்கிறார்: “போனை வை, படிக்க உட்கார்.” பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். “இரும்மா, ஒரு நிமிஷம்.” மூன்றாவது, நான்காவது தடவைக்குள் குரல் ஏறிவிடுகிறது. அம்மா வந்து போனைப் பிடுங்குகிறார். பிள்ளை தரையில் விழுந்து அலறுகிறது, கையில் கிடைத்ததை வீசுகிறது. நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்ந்துபோன அம்மா, “சரி, எப்படியோ போ, இன்னும் பத்து நிமிஷம்தான்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீடு அமைதியாகிவிடுகிறது.

அந்த அமைதியில் இரண்டு பேருமே ஒரு பாடம் படித்துவிட்டார்கள். அலறினால் கிடைக்கும் என்று பிள்ளை தெரிந்துகொண்டது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா தெரிந்துகொண்டார். மறுநாள் அப்பா ஓங்கிக் கத்தியதும் பிள்ளை பயந்து அடங்கினால், கத்தினால்தான் வேலை நடக்கும் என்பது அவருக்கான பாடம். ஒவ்வொரு தடவையும் இரு பக்கமும் கொஞ்சம் கூடுதலாகக் கத்த வேண்டியிருக்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சனும் அவருடைய குழுவினரும் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள் என்று விடாமல் குறித்து வைத்துத்தான் இந்தச் சுழலைப் படம்பிடித்தார்கள். 1982இல் பேட்டர்சன் இதை விரிவாக எழுதினார். இதில் கெட்ட அம்மாவும் இல்லை, கெட்ட பிள்ளையும் இல்லை. அந்த நிமிடத்தில் எது வேலை செய்ததோ அதை இருவரும் திரும்பச் செய்கிறார்கள், அவ்வளவுதான். வகுப்புக்குக் கோபத்தோடு வருகிறவர்களிடம் முதலில் நான் இதைத்தான் சொல்வேன். பலருடைய முகம் அப்போதுதான் இளகும்.

அடுத்து, நடித்துப் பார்ப்பது. பெரியவர்களுக்கு இதில் கூச்சம் அதிகம், இருந்தாலும் இதை நான் விடுவதில்லை. ஓர் அப்பா பிள்ளையாக நாற்காலியில் போனோடு உட்கார்வார். இன்னொருவர் அவருக்குப் பின்னால், தள்ளி நின்று, வீட்டில் கூப்பிடுவது மாதிரியே கூப்பிட வேண்டும். ஒருமுறை பிள்ளையாக நடித்தவர், ஆட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “காதில் விழாமல் இல்லை. எத்தனாவது தடவையில் நிஜமாகக் கோபம் வரும் என்று தெரிந்திருந்தது. அதுவரைக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.” அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தங்கள் வீடு ஞாபகம் வந்திருக்கும். நான் எவ்வளவு நேரம் விளக்கியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகியிருக்காது.

அதே காட்சியை வேறு மாதிரி செய்து பார்ப்போம். ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவைப்பது. பக்கத்தில் போவது, குனிந்து கண்ணைப் பார்ப்பது. “ஏன் எப்பப் பார்த்தாலும் இப்படி?” என்ற கேள்வியை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் சின்ன வாக்கியமாகச் சொல்வது: “இப்போ போனை மேஜையில் வை.” சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு ஐந்து நொடி காத்திருப்பது. இந்த ஐந்து நொடிதான் கடினம், நடிக்கும்போதே பலரால் முடியாது. பிள்ளை வைத்துவிட்டால் உடனே பாராட்டு. “வெரி குட்” என்பதோடு நிறுத்தாமல், “நான் சொன்னதும் வைத்துவிட்டாயே, ரொம்ப நல்லது” என்று எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தான் செய்த எது நன்றாக இருந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அது மறுபடி நடக்கும்.

பழகிப் பார்ப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏழு வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்கு நடத்தப்பட்ட பயிற்சிகளைப் பற்றிய 77 ஆய்வுகளை ஜெனிஃபர் காமின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் சேர்த்து அலசி 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்தப் பயிற்சியில் பலன் கூடுதலாக இருந்தது என்று பார்த்தபோது தனியாகத் தெரிந்த ஒன்று, பயிற்சியின்போதே பெற்றோர் தங்கள் சொந்தக் குழந்தையோடு செய்து பழகியது. பிள்ளையோடு இணக்கமாகப் பழகும் விதம், உணர்வுகளைப் பேசும் விதம், சொன்ன சொல்லில் மாறாமல் நிற்பது ஆகியவற்றைக் கற்றுத்தந்த பயிற்சிகளிலும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆக, கையேடு கொடுத்து, படம் போட்டுக் காட்டி, “வீட்டில் பொறுமையாக இருங்கள்” என்று அனுப்பிவிடுகிற வகுப்பைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பொறுமையாக இருக்க வேண்டும் என்று எந்த அம்மாவுக்குத் தெரியாது?

சொந்தக் குழந்தையோடு பழகுவதை முழு சிகிச்சை முறையாகவே 1970களில் வளர்த்தெடுத்தவர் ஷீலா ஐபெர்க். ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் ஆலோசகர் இருப்பார். பெற்றோர் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கும்போதே, காதில் மாட்டிய கருவி வழியாக என்ன சொல்லலாம், எதை விட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார். சமூகக் கூடத்தில் நடக்கிற எங்கள் வகுப்பில் அந்தக் கண்ணாடியெல்லாம் கிடையாது. ஆனால் அதில் வருகிற ‘தினமும் ஐந்து நிமிட விளையாட்டு’ எல்லோருக்கும் எடுத்துப்போகக் கூடியது. குழந்தை எதை விளையாடுகிறதோ அதையே நாமும் விளையாட வேண்டும். கட்டளை கூடாது, திருத்தக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. கேள்வி கூடாது என்றதும் எல்லோரும் திகைத்துப்போவார்கள். “இது என்ன நிறம்?”, “இது எத்தனை?”, “இதை ஏன் இங்கே வைத்தாய்?” என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி பரீட்சையாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, “சிவப்பு வண்டியைப் பாலத்துக்கு மேலே ஓட்டுகிறாய்” என்று பார்ப்பதைச் சொன்னால் போதும். இரண்டு வாரம் இதை விடாமல் செய்தவர்கள், பிள்ளை தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்வதாகச் சொல்லும்போது அவர்கள் குரலே மாறியிருக்கும்.

சரி, எல்லாம் செய்தாயிற்று, ஆனால் அடம் கூடிவிட்டதே என்று இரண்டாவது வாரம் யாராவது வருவார்கள். எதிர்பார்க்க வேண்டியதுதான். இதுவரை அழுதால் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று கிடைக்காமல் போனால், பிள்ளை முதலில் இன்னும் சத்தமாக அழுது பார்க்கும். சில நாள் உறுதியாக நின்றால் அது தணியும். அந்தச் சில நாளில் விட்டுக்கொடுத்தால், எவ்வளவு அழ வேண்டும் என்ற அளவுதான் உயரும். இதைத் தனியாகத் தாங்குவது மிகவும் கஷ்டம். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்ற பயம் ஒரு பக்கம், வீட்டில் பெரியவர்கள் “குழந்தையை இப்படி அழவிடுகிறாயே” என்பது ஒரு பக்கம். இங்கேதான் குழுவாக இருப்பதன் பலன் தெரியும். “எங்கள் வீட்டிலும் போன வாரம் இதே கதைதான், நான்காவது நாள் குறைந்தது” என்று பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொல்லும்போது கிடைக்கிற தெம்பை ஆலோசகரால் கொடுக்க முடியாது. தாத்தா பாட்டிக்கும் வகுப்பில் இடம் வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். பல வீடுகளில் பகல் முழுக்கக் குழந்தை அவர்களிடம்தானே இருக்கிறது?

கத்திவிட்டோமே, அடித்துவிட்டோமே என்ற குற்றவுணர்வோடு வருகிறவர்களும் உண்டு. கைக்குழந்தையும் தாயும் முகம் பார்த்துப் பழகுவதை 1970களிலிருந்து ஆராய்ந்த எட்வர்ட் ட்ரானிக், நல்ல இணக்கத்தில் உள்ள தாய்க்கும் சேய்க்கும் இடையில்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை என்று கண்டார். முக்கியமானது, விலகிப்போன பிறகு திரும்ப வந்து சேர்வது. அதனால் கோபம் தணிந்ததும் பிள்ளையிடம் போய், “நான் கத்தியது தப்பு, உனக்குப் பயமாக இருந்திருக்கும்” என்று சொல்லலாம். மரியாதை குறைந்துவிடாது. அடியைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அது பிள்ளைக்குச் சொல்லித்தருவது பயத்தை, அதுவும் நாம் இருக்கும்போது மட்டும். 1979இல் சுவீடன் உலகிலேயே முதல் நாடாகப் பெற்றோர் அடிப்பதைச் சட்டப்படி தடுத்தபோது, செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்து வீடுவீடாகச் சேர்த்தது. சட்டம் போட்டதோடு நிற்காமல், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்கிற மேஜை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வகுப்பு நடத்துகிறவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்கள்தான் வருவதில்லை என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். வருவதற்கு வழி செய்திருக்கிறோமா என்று பார்த்தால், வகுப்பு வேலை நேரத்தில் இருக்கும். சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வர இடம் இருக்காது. அழைப்பு அம்மாவின் பெயருக்கு மட்டும் போயிருக்கும், அப்புறம் அப்பாக்கள் வருவதில்லை என்று குறைப்படுவோம். பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மாலை நேரம், அப்பாவுக்குத் தனி அழைப்பு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மிகாத குழு. இவ்வளவு செய்தாலே வருகை மாறுவதைப் பார்க்கலாம். அப்படியும் வர முடியாதவர்களிடம் நாம்தான் போக வேண்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களின் பிற்பகுதியில் சாலி கிராந்தம் மெக்ரிகரும் குழுவினரும் இதைத்தான் செய்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டில் கிடைக்கிற பொருளில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு அப்படி. ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி வேலைக்குப் போனபோது, இந்த உதவி கிடைக்காத அதே போன்ற குழந்தைகளைவிட அவர்களின் வருமானம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் வகுப்பு மருந்தாகாது. சொன்னால் கேட்பதில்லை என்று அழைத்துவரும் குழந்தைக்கு முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பேச்சு தாமதம், ஆட்டிசம், கவனக்குறைவு போன்றவை இருக்கலாம் என்று தோன்றினால் குழந்தை மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளை பெற்ற பிறகு வருகிற மனச்சோர்வில் இருக்கும் அம்மாவிடம் ஐந்து நிமிடம் விளையாடுங்கள் என்று சொல்வது அவருடைய குற்றவுணர்வைக் கூட்டுவதில்தான் முடியும். 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள், அந்தச் சோர்வு இருக்கலாமா என்று சில நிமிடத்தில் காட்டிவிடும். கைக்குழந்தை இருக்கிற வீடுகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவர் கையிலும் அது இருக்க வேண்டும். அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வரும், அவர்களிடமும் கேளுங்கள். வீட்டில் கணவன் மனைவிக்குள் அடிதடி இருந்தால் இருவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பேசச்சொல்வது ஆபத்தாகக்கூட முடியலாம். அங்கே முதல் வேலை அடிபடுகிறவரின், குழந்தைகளின் பாதுகாப்புதான்.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு, பிள்ளை வளர்க்கும் பொறுப்பில் பெற்றோருக்குத் தகுந்த உதவி செய்வது அரசின் கடமை என்கிறது. அதாவது வகுப்புக்கு வருகிறவர் யாருடைய தயவையும் கேட்டு வருவதில்லை. உங்கள் பகுதியில் இப்படி ஒரு வகுப்பு இருப்பதாகத் தெரிந்தால் சேர்வதற்கு முன் தொலைபேசியில் இரண்டு விஷயம் கேளுங்கள்: வகுப்பில் நாங்களே செய்து பார்ப்போமா, அடுத்த வாரம் வந்ததும் வீட்டில் எப்படிப் போனது என்று கேட்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தைரியமாகப் போகலாம். துணைவருக்கு விருப்பம் இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள், ஒருவர் மாறினாலே வீட்டில் அந்தச் சுழல் தடைபட ஆரம்பிக்கும். முதல் நாளே எழுந்து உங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எந்த நல்ல வகுப்பிலும் கிடையாது. கைகட்டி உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலும் சரி.